குலுக்கக் கூடாத புட்டி

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்காகச் சிறுவாச்சூர் காளி மேலும் ஆணை. இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வலது கை விரல் ஐந்தும் பேனா பிடிக்க முடியாமல் போகட்டும். பெரம்பலூர் தாலுக்கா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முப்பத்தொரு வருஷம் ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். மனுவில் பொய் எழுதியிருக்கிறேன். அது தொழில். இது தொழில் இல்லை. இதில் பொய் சேர்க்கச் சொல்லி என்னை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷம். சண்டை பர்மாப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் சண்டையின் காகிதமெல்லாம் எங்கள் பக்கத்துக்குத்தான் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பாவாடைக்கு.

வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அவன்தான் தபால்காரன். காக்கிச் சட்டை, தோல் பை, செருப்பில்லாத கால். சண்டைக்கு முன்னால் அவனைக் கண்டால் மோர் கொடுப்பார்கள். பட்டாளத்துத் தந்தி வர ஆரம்பித்த பிறகு கதவைச் சாத்தினார்கள். பூலாம்பாடியில் ஒருத்தி அவன் நீட்டிய கவரைக் கண்டதும் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். அது கத்தரி விதைக் கம்பெனியின் விளம்பரம் என்று படித்துக் காட்டிய பிறகும் அவள் எழுந்திருக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவன் தெருவில் நுழைந்தால் அம்மிச் சத்தம் நிற்கும். நாய்கூடக் குரைக்காமல் ஒதுங்கிக்கொள்ளும்.

பதினோரு தந்தி, பதினோரு வீடு. பதினோராவதைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு அவனுக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. பிறகு நிற்கவில்லை.

"நெஞ்சுக்குள்ள யாரோ கதவைத் தட்டறமாதிரி இருக்குதுங்க. யாருன்னு எட்டிப் பாத்தா நான்தாங்க நிக்கறேன், கையில காயிதத்தோட" என்று அவன் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இருதயநாதனிடம் சொன்னான்.

"தூக்கம் வருதா?"

"அது போயி நாலு மாசம் ஆச்சுங்க."

அன்று நானும் அங்கேதான் இருந்தேன், கை நடுக்கத்துக்காக, என் சொந்தப் புட்டியோடு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

டாக்டர் இருதயநாதன் வரதராசன்பேட்டைக்காரர். பேச்சு கம்மி. "சாயங்காலம் வேலை முடிஞ்சு வூட்டுக்குப் போனப்புறம் ஒரு கோடு குடி. குலுக்கிட்டுக் குடி. அன்னிக்குக் கள்ளைத் தொடாதே. பன்னண்டு நாள் ஆனதும் புட்டியைக் கழுவிக் கவுத்துட்டு வந்து என்னைப் பாரு" என்றார். நான்கு வாக்கியம். எண்ணிப் பார்த்திருக்கிறேன். பின்னால் சங்கம் இதே விஷயத்துக்கு நாற்பத்தொரு விதி போட்டது. இந்த நான்கு மட்டும் அதில் இல்லை.

அந்தக் காலத்தில் மருந்துக்குப் புட்டி நாம்தான் கொண்டுபோக வேண்டும். பாவாடை நன்னாரி சர்பத் புட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். கம்பவுண்டர் வெள்ளைச்சாமி மருந்தை ஊற்றி, ஒரு காகிதத் துண்டை மடித்துக் கத்தரியால் பல் பல்லாக வெட்டிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டினார். பல்லுக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு வேளை. பன்னிரண்டு கோடு.

"இதுல இருக்கிற தூக்கப் பொடி தண்ணியில கரையாது, பாவாடை. சும்மா வெச்சா அடியில போயி உக்காந்துக்கும். குலுக்கினா அளவா வரும். குலுக்காம மேலாப்புல குடிச்சுக்கிட்டே வந்தேன்னு வெச்சுக்க, பதினோரு நாளும் வெறும் தண்ணி. கடைசிக் கோட்டுல பன்னண்டு நாள் தூக்கமும் ஒண்ணாப் படுத்திருக்கும். அதைக் குடிச்சா எழுந்திருக்க மாட்டே."

"குலுக்கிடறேங்க."

"இன்னொண்ணு. நல்லா இருக்குதேன்னு வருஷக்கணக்கா குடிச்சுடாதே. இதுல இருக்கிற உப்பு மூளையில ஏறிக்கும். நடக்காததெல்லாம் கண்ணு முன்னால நடக்கும். நடந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லத் தோணும்."

பாவாடை புட்டியைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். வாசலில் செல்லதுரை நின்றுகொண்டிருந்தார்.

செல்லதுரை யார் என்று சொல்ல வேண்டும். 'பெரம்பலூர் அரியலூர் தாலுக்காக்களின் சாந்த மருந்துப் பாதுகாப்புச் சங்கம்' என்று ஒன்று அந்த வருஷம் ஆரம்பித்தார்கள். அதன் காரியதரிசி அவர். மதராஸிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்ததாம்: 'தூக்க மருந்துகளைப் பாதுகாப்பாக உபயோகிக்க உங்கள் பக்கத்தில் எடுத்த நடவடிக்கை என்ன?' ஒன்றுமில்லை என்று பதில் எழுதச் சர்க்கார் காகிதத்தில் இடம் கிடையாது. ஆகவே இரண்டு ஊரில் இரண்டு ஆபீஸ், ஒரு சேர்மன், ஒரு காரியதரிசி, ஒன்பது பியூன், இரண்டு இரும்புப் பெட்டி. எல்லாம் இருந்தது, நோயாளிதான் இல்லை. ஐந்து மாதமாகச் செல்லதுரை அந்த வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் புட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இருமல் மருந்து.

பாவாடையின் புட்டியை முகர்ந்தவுடன் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உன்னைமாதிரி ஒருத்தனுக்காகத்தாண்டா அஞ்சு மாசமாக் காத்திருக்கோம்" என்று சொல்லி, அவன் தோளில் கையைப் போட்டு, புட்டியோடு அழைத்துக்கொண்டு போனார். என் புட்டி என் மடியில் இருந்தது. என்னை அவர் முகரவில்லை.

சங்கத்தின் முதல் காரியம் புட்டிக்கு மூன்று இடத்தில் அரக்கு முத்திரை வைத்தது. இரண்டாவது காரியம் பாவாடையைப் பரீட்சை செய்தது. மனப் பதற்றம் உள்ளவனுக்குத்தான் மருந்து. ஆகவே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்க வேண்டும். ஆனால் நடுங்கிய கையெழுத்து சட்டப்படி செல்லாது. இரண்டு நாள் இதிலேயே போயிற்று. கடைசியில் என்னிடம் வந்தார்கள். வலது கையால் கையெழுத்து, இடது கையால் நடுக்கம் என்று நான்தான் வழி சொன்னேன். செல்லதுரை அதை விதி எட்டு என்று சேர்த்துக்கொண்டார்.

மருந்தும் அளவு கிளாசும் ஒரே இடத்தில் இருந்தால் யாரும் எடுத்துக் குடித்துவிடலாம் அல்லவா? ஆகவே புட்டி, என் வேப்பமரத்தை ஒட்டியிருந்த பெரம்பலூர் ஆபீஸ் இரும்புப் பெட்டியில், அவுன்ஸ் கிளாஸ் அரியலூர் ஆபீஸ் இரும்புப் பெட்டியில். தினம் காலையில் ஒரு பியூன் கிளாசைப் பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அரியலூரிலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரி போட்டு ஓட்டிய கரி பஸ்ஸில் வருவான். அந்த பஸ் மேட்டில் நிற்கும். எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள், அவன் மட்டும் இறங்க மாட்டான். கிளாஸ் உத்தியோகத்தில் இருந்தது.

டாக்டர் சாயங்காலம் குடிக்கச் சொன்னார். சங்கத்துக்குச் சாயங்காலம் ஐந்து மணியோடு ஆபீஸ் முடிந்துவிடும். ஆகவே காலை பதினொரு மணி. மருந்து குடித்தவன் வழியில் விழுந்துவிடக் கூடாது. ஆகவே ஐந்து மணி வரை ஆபீஸ் பெஞ்சில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதற்றத்துக்கும் விடுமுறை.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். விதி பதினான்கை நான் வேப்பமரத்தடியில் இருந்து ஜன்னல் வழியாகக் கேட்டபோது என் பேனா கீழே விழுந்தது.

'முத்திரையிட்ட புட்டியை எக்காரணம் கொண்டும் அசைக்கவோ, சாய்க்கவோ, குலுக்கவோ கூடாது. அசைவு என்பது கலப்படத்துக்கு அறிகுறி. மருந்தை மேல்மட்டத்திலிருந்து ரப்பர் குழாய் வழியாக மட்டுமே எடுக்க வேண்டும்.'

எனிமாவுக்கு வைத்திருந்த குழாயைக் கழுவி எடுத்துக்கொண்டார்கள்.

முதல் கோடு ஒரு சனிக்கிழமை. செல்லதுரை குழாயை விட்டார். கிளாசில் மருந்து இறங்கியது. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட, பாவாடை குடித்தான்.

"எப்படி இருக்கு?"

"தண்ணிமாதிரி இருக்குதுங்க."

"தண்ணிமாதிரி. அதாவது, தூய்மை" என்று சொல்லிக்கொண்டே செல்லதுரை எழுதிக்கொண்டார்.

ஐந்து மணி வரை பெஞ்சில் உட்கார்ந்தான். தூக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் பியூன் விட்டிருக்க மாட்டான். 'தூங்கவில்லை' என்று மணிக்கு ஒரு தடவை அவனே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

மூன்றாவது கோட்டன்று கம்பவுண்டர் வெள்ளைச்சாமி ஓடி வந்தார். இரும்புப் பெட்டிக் கதவு திறந்திருந்தது. புட்டியின் அடியில் அரை விரல்கடை வெள்ளையாக, சுண்ணாம்பு போலப் படிந்திருந்தது.

"சார், ஒரே ஒரு தடவை குலுக்குங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"அசைவு கூடாது, வெள்ளைச்சாமி."

"நான் கட்டின மருந்து சார் இது. குலுக்காட்டி கடைசியில விஷம் சார். அந்தப் புட்டியிலேயே நான் ஒட்டியிருக்கேன், 'குலுக்கிக் குடிக்கவும்'னு."

"ஒட்டியிருந்தது. முத்திரை வைக்க இடம் இல்லைன்னு அதைச் சுரண்டிட்டோம்."

வெள்ளைச்சாமிக்கு மறுநாள் ஒரு மெமோ வந்தது. 'பாதுகாக்கப்பட்ட மருந்தை அசைக்கும்படி அதிகாரிகளைத் தூண்டியதற்கு ஏன் உம்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' பதிலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் ஏழு இடத்தில் வரும்படி எழுதினேன். அதில் குலுக்கல் வராமல் பார்த்துக்கொண்டேன்.

பாவாடைக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. கோடு குறையக் குறைய அடியில் வெள்ளை தடித்துக்கொண்டே வந்தது. முன்பு ஊராருடைய சாவை நினைத்து நெஞ்சு தட்டியது. இப்போது தன்னுடையதை நினைத்துத் தட்டியது. கையில் காகிதத்தோடு நிற்பவன் இப்போது உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டான் என்று என்னிடம் சொன்னான்.

ஆறாவது கோடு வெள்ளிக்கிழமை. அன்று சேர்மன் ராவ் சாகிப் அழகேசன் வந்தார். சிறுவாச்சூர் காளிக்காவது திங்களும் வெள்ளியும் நடை திறக்கும். ராவ் சாகிபுக்கு வெள்ளி மட்டும். கனத்த உடம்பு, சரிகைத் தலைப்பாகை, எப்போதும் பாதி மூடிய கண். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"மகாஜனங்களே! இந்தச் சங்கம் ஆரம்பித்தபோது, தூக்க மருந்தால் ஆபத்து வரும் என்றார்கள். இதோ ஆறு நாள். ஒரு துளி தூக்கம் வந்ததா? கேளுங்கள் அவனை! வரவில்லை! தூக்கமே வராத தூக்க மருந்தைவிடப் பாதுகாப்பான மருந்து உலகத்தில் உண்டா? சிலர் சொல்கிறார்கள், அடியில் ஏதோ படிகிறதாம். எந்தச் சர்க்கார் காரியத்தில் அடியில் படியவில்லை? அதைக் கிளறாமல் இருப்பதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்!"

எல்லாரும் கை தட்டினார்கள். பாவாடையும் தட்டினான். தட்டாவிட்டால் கை செயலிழந்தது என்று எழுதிவிடுவார்கள் என்று பயம்.

எட்டாவது கோட்டன்று அவன் செல்லதுரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சாமி, எனக்கு மருந்து வேணாங்க. இப்படியே இருந்துக்கறேன்."

"பாதியிலே நிறுத்தறதா? டாக்டர் பன்னண்டு நாள்னு எழுதியிருக்கார். அளவு மாறினா ஆபத்து. விதி இருபத்தொம்பது. வராட்டி ரெண்டு கான்ஸ்டபிள் உன் வூட்டுக்கு வருவாங்க, மரியாதையா."

"கடைசிக் கோட்டைக் குடிச்சா செத்துடுவேன்னு கம்பவுண்டர் சொல்றாருங்களே."

"அது அவரோட அபிப்பிராயம். செத்தாலும் நீ பயப்படாதே. அதுக்கும் ஏற்பாடு இருக்கு" என்று செல்லதுரை வாஞ்சையாகச் சொன்னார்.

அந்த ஏற்பாடு என்ன என்பது புதன்கிழமை தெரிந்தது. பத்தாவது கோடு முடிந்து ஐந்து மணிக்கு பாவாடை தபால் பையை வாங்கிக்கொண்டு நேரே என் மரத்தடிக்கு வந்தான். கையில் ஒரு தந்திக் கவர். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயா, இந்த விலாசத்தைக் கொஞ்சம் படிங்க. நான் படிச்சது சரியான்னு பாக்கணும்."

படித்தேன். ஆண்டாயி, தபால்காரர் பாவாடை மனைவி, வேப்பந்தட்டை அஞ்சல்.

"உன் பொண்டாட்டிக்குத் தந்தியா? பிரிச்சுப் படிக்கவா?"

"ஐயோ, வேணாங்க. அடுத்தவங்க தந்தியைப் பிரிக்கக் கூடாது."

சங்கத்தின் விதி முப்பத்தேழு இப்படி. மருந்தினால் மரணம் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். ஆனால் வேப்பந்தட்டைப் பக்கம் தபால் போக இப்போது இரண்டு நாள் ஆகிறது, தபால்காரன் பகல் முழுக்க ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால். ஆகவே தகவலை இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுவது. இதைச் செல்லதுரையே பின்னால் பெருமையோடு எனக்கு விளக்கினார்.

"பாவாடை, அதைக் கிழிச்சுப் போடு" என்றேன்.

அவன் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பதினோரு வூட்டுல குடுத்தேங்க. ஒரு வூட்டுலயும், பாவம்னு ஒளிச்சு வைக்கல. பன்னண்டாவது என் வூடுன்னதும் ஒளிச்சுட்டேன்னா, அந்தப் பதினோரு பேரு மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்?"

போய்விட்டான். நான் அந்த மரத்தடியில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவன் அழவில்லை. நடந்து போனது, தந்தி கொண்டுபோகிறவன் நடையாகவே இருந்தது.

மறுநாள் வியாழன். பதினோராவது கோட்டுக்கு அவன் வந்தபோது கூடவே ஆண்டாயியும் வந்தாள். கட்டையான உடம்பு, கணீரென்ற குரல். புருஷனை பெஞ்சில் விட்டுவிட்டு என்னிடம் வந்து கவரை நீட்டினாள்.

"இதைப் படிங்க ஐயா. வூட்டு வாசல்ல நின்னு 'தந்தி'ன்னு கூப்பிடறாரு. உள்ள வாய்யான்னா வரமாட்டேங்கறாரு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாத்தான் வருவாராம். விரலைப் பதிச்சு வாங்கினேன். என்னன்னு கேட்டா தான் படிக்கக் கூடாதுங்கறாரு. இவரோட குடும்பம் நடத்தறதுக்கு ஒரு மைல்கல்லோட நடத்தலாம்."

இங்கிலீஷில் இருந்ததை நான் தமிழில் படித்தேன்: "வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். உங்கள் கணவர் பாவாடை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சாந்தமாகக் காலமானார். மருந்து பாதுகாப்பாக உபயோகிக்கப்பட்டது. சேர்மன்."

ஆண்டாயி ஜன்னல் வழியாக பெஞ்சைப் பார்த்தாள். பாவாடை 'தூங்கவில்லை' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு காலமானது?"

"உன் புருஷன்."

"என்னிக்கு?"

"நாளைக்கு."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இதுல அவுங்க முத்திரை இருக்குதுங்களா?"

"இருக்கு. சேர்மன் கையெழுத்தும் இருக்கு."

"அப்ப, அவுங்க ஆபீஸ் சொன்னா சொன்னதுதானே? மாத்த மாட்டாங்கல்ல?"

"உயிரே போனாலும் மாத்த மாட்டாங்க."

"சரிங்க" என்று கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். அரியலூர் ஆபீஸ் முழுவதும் பஸ் ஏறி வந்திருந்தது. வேப்பந்தட்டையிலிருந்தும் ஜனங்கள் வந்திருந்தார்கள். அவன் தந்தி கொடுத்த வீட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். மேஜை மேல் புட்டி. ஒரே ஒரு கோடுதான் பாக்கி. அதில் தண்ணீர் என்று ஒன்று இல்லை. கெட்டித் தயிர் போல வெள்ளையாக ஒன்று இருந்தது. குழாயில் ஏறாது என்று தெரிந்து ஒரு கரண்டி வைத்திருந்தார்கள். கரண்டிக்கும் முத்திரை வைத்திருந்தார்கள்.

ராவ் சாகிப் நாற்காலியில் இருந்தார். பதினொன்று அடித்தது.

"குடிடா, பாவாடை. சரித்திரத்திலே உன் பேரு நிக்கப்போவுது" என்றார் செல்லதுரை.

பாவாடை எழுந்தான். அப்போது ஆண்டாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தந்தியை மேஜை மேல் வைத்தாள்.

"எசமான், எம் புருஷன் செத்துட்டாருங்க."

"எந்தப் புருஷன்?"

"எனக்கு ஒரே புருஷன்தாங்க. இந்தா நிக்கறாரே, இவருதான். இன்னிக்குப் பதினொரு மணிக்குச் செத்தாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. செத்தவருக்கு எதுக்குங்க மருந்து? சண்டைக் காலத்துல மருந்தை இப்படி வீணாக்கலாமுங்களா?"

செல்லதுரை தந்தியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று அடித்து இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. ராவ் சாகிபின் காதில் குனிந்தார். தந்தி உண்மை. முத்திரை உண்மை. சங்கம் பொய்யான தகவல் அனுப்பியது என்று ஆகிவிட்டால் சங்கமே போயிற்று. ஆகவே வேறு ஒன்றுதான் போக வேண்டும்.

ராவ் சாகிப் பாவாடையைப் பார்த்து, மரியாதையோடு சொன்னார்: "காலமானவர் கொஞ்சம் வெளியே நிற்கலாம்."

பாவாடை வெளியே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான்.

உள்ளே ஒரு பிரச்சினை மிச்சமிருந்தது. கடைசிக் கோடு. கீழே கொட்டக் கூடாது, யுத்தகாலப் பொருள். திருப்பிப் பெட்டியில் வைக்கக் கூடாது, பன்னிரண்டு கோடும் தீர்ந்ததாக முந்தின நாளே மதராஸுக்கு எழுதியாயிற்று. செல்லதுரை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விதி நாற்பதில் விரல் நின்றது. அவர் முகம் வெளுத்தது. படிக்காமல் புத்தகத்தை ராவ் சாகிப் பக்கம் திருப்பி வைத்தார்.

'நோயாளி உட்கொள்ளாது மிஞ்சிய மருந்தை, அதன் பாதுகாப்பை நிரூபிக்கும் பொருட்டு, பொறுப்புள்ள தலைமை அதிகாரி சாட்சிகள் முன்னிலையில் உட்கொள்வார்.'

வெள்ளைச்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஐயா, வேணாங்க! இனிமே குலுக்கியும் பிரயோசனம் இல்லீங்க. தண்ணியெல்லாம் அவன் குடிச்சுட்டான். இருக்கிறது பூரா மருந்துதாங்க!"

ராவ் சாகிப் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார். அவர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மகாஜனங்களே! இந்த விதிகளை எழுதியவன் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டவனும் நானே. இதில் தவறு இருந்திருந்தால் இத்தனை பேர் பார்த்தும் ஒருவராவது சொல்லியிருக்க மாட்டாரா? சொன்ன ஒரே ஆள் இந்தக் கம்பவுண்டர். அவரும் எழுத்தில் ஏழு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டார். மருந்தைக் கட்டினவனே மன்னிப்புக் கேட்ட பிறகு இதில் என்ன ஆபத்து மிச்சமிருக்க முடியும்?"

அந்த ஏழு மன்னிப்பையும் எழுதிய நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

முத்திரையை உடைத்தார்கள். ராவ் சாகிப் கரண்டியால் வழித்து மூன்று வாயில் சாப்பிட்டார். "இனிப்பாக இருக்கிறது" என்றார். நாற்காலியில் சாய்ந்தார். எப்போதும் பாதி மூடியிருந்த கண் முழுக்க மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் குறட்டை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"சார்" என்று வெள்ளைச்சாமி அவர் கையைத் தொடப் போனார்.

"தொடாதே! விதி ஒம்பது. மருந்தினால் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது" என்றார் செல்லதுரை.

எல்லாரும் நுனிக்காலில் வெளியே வந்தார்கள். டாக்டர் இருதயநாதன் ஓடி வந்தார். பார்ப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டில் சேர்மன் கையெழுத்து வேண்டும், சேர்மன் தூங்குகிறார் என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வரை நின்று பார்த்துவிட்டு அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனார். எதற்குக் கழற்றினார் என்று ஆபீஸில் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஊதுவத்தி ஏற்றினார்கள். நாலாம் நாள் ஜன்னலைச் சாத்தினார்கள். ஆனால் ஆபீஸ் நிற்கவில்லை. காகிதங்களை அவர் மடியில் வைப்பார்கள். ஒரு மணி நேரம் ஆட்சேபம் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். காரியங்கள் முன்னைவிட வேகமாக நடந்தன. அரியலூரிலிருந்து பாராட்டுத் தீர்மானம் வந்தது. அவர் காலமாகிவிட்டாரா என்று மதராஸிலிருந்து கேட்டதற்குச் செல்லதுரை எழுதிய பதிலின் நகலை நானே பார்த்தேன்: 'விதி முப்பத்தேழின்படி இரண்டு நாள் முன்னதாகத் தந்தி அனுப்பப்படவில்லை. ஆகவே காலமாகியிருக்க இடமில்லை.'

நாற்பத்தேழு ஆகஸ்டில் கொடி மாறியது. ஊரே எழுந்து நின்றது. ராவ் சாகிப் எழவில்லை. அதற்கும் ஆட்சேபம் வரவில்லை. புதிதாக வந்தவர்களும் நுனிக்காலில்தான் நடக்கிறார்கள்.

பாவாடை? செத்தவன் கையில் தந்தி கொடுத்தனுப்பத் தபால் ஆபீஸுக்கு அதிகாரம் இல்லை. பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வேப்பந்தட்டையில் கால் காணி புன்செய்யைக் குத்தகைக்குப் பிடித்துக் கம்பு விதைத்தான். அவனைக் கண்டால் இப்போது யாரும் கதவைச் சாத்துவதில்லை. பூலாம்பாடிக்காரி மோர் கொடுக்கிறாள். தந்தி வேறு யாரோ கொண்டுவருகிறார்கள்.

போன மாசம் ஆண்டாயியைச் சந்தையில் பார்த்து, "உன் புருஷனுக்கு இப்ப தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"செத்த மனுசன் இந்தக் குறட்டை விட்டு நான் எங்கயும் கேட்டதில்லீங்க" என்றாள்.

எல்லாம் மேலே ஆணையிட்டபடி. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கை நடுக்கத்துக்கு வெள்ளைச்சாமி அன்றைக்கு எனக்குக் கட்டிக் கொடுத்ததும் அதே மருந்துதான். இந்த ஐந்து வருஷமாக ஒரு நாள் விடாமல் குடித்துவருகிறேன்.